டம்ளரை முதலில் தட்டியவர்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும்போது யாராவது வெளியில் கேட்டு வந்த ஒரு நல்ல பேச்சைச் சொன்னால், மற்றவர்கள் எதிரே இருக்கும் எவர்சில்வர் டம்ளரை விரல் நகத்தால் தட்டுவார்கள். யாருடைய டம்ளர் முதலில் டக்கென்றதோ, அவருக்கு அந்தப் பேச்சு சொந்தம். அவர் அதைக் கதையில் வைக்கலாம், பாட்டில் வைக்கலாம், சும்மா வைத்து வீணாக்கவும் செய்யலாம். மற்றவர்கள் கடைசிவரை அதைத் தொடக்கூடாது. வேறு எதற்கும் அடித்துக்கொள்ளாத எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் இதற்குத்தான்.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படிக்கும்போது சிநேகிதி ஒருத்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உங்க அப்பா செருப்பைப் போட்டுக்கினு வெளிய போனா அது கோவமே இல்லடி. நெசமா கோவம் வந்தா செருப்பு இங்கயே கெடக்கும்." நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை. எல்லோரும் அவரவர் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல பேச்சு கேட்பாரில்லாமல் தரையில் கிடக்கிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவியும் கழுவாமலும் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பாதான் தட்டினார்.

எங்கள் அப்பா கதை எழுதுகிறவர். சும்மா எழுதுகிறவர் இல்லை. காஞ்சிபுரத்தில் ஆட்டோவில் ஏறி அவர் பெயரைச் சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். அம்மா ஓவியர். அவள் வரைந்த முகங்கள் டெல்லியில் பெரிய கட்டடங்களில் மாட்டியிருக்கின்றன; அதில் பாதிப் பேர் எங்கள் சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் காய் வாங்கிக்கொண்டு நடந்து போகிறவர்கள். அண்ணன் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறான். கல்யாண மண்டபத்தில் அவன் பாட்டுப் போடாமல் மாப்பிள்ளையை உள்ளே விடுவதில்லை.

அப்புறம் நான். வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் மூவரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா பண்றே?" என்பார்கள். அம்மா முந்திக்கொண்டு, "இவ நல்லா பேசுவா" என்பாள். வந்தவர்கள் ஏதோ வியாதி பெயரைக் கேட்ட மாதிரி தலையாட்டுவார்கள்.

எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. நான் கொண்டுவருகிறவள். ரேஷன் கடை வரிசை, பூக்கடை, ஜரிகைக் கடை வாசல், டைலர் கடை, எங்கே நாலு பேர் நின்று பேசினாலும் நானும் போய் நிற்பேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஒருநாள் சொன்னார்: "எங்க வூட்டுல சண்டைன்னா தறி சத்தம் அதிகமா கேக்கும்மா. சமாதானம்னா தறியே ஓடாது." அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே அன்றைக்கு டம்ளர் கவிழ்ந்து சாம்பார் கொட்டியது. அப்பா ஜெயித்தார். அடுத்த வாரம் ரேஷன் கடையில் ஓர் அக்கா, "சர்க்கரை தீந்துபோச்சாம். எறும்பு மட்டும் இன்னும் நம்பிக்கினு நிக்குது" என்றார். அதை அண்ணன் தட்டி, ஒரு காதல் பாட்டில் போட்டான்; ஊரே பாடியது. அந்த அக்கா போனில் அதே பாட்டை ரிங்டோனாக வைத்திருந்தார். நான் அவரிடம், "அக்கா, இது நீங்க சொன்னதுதான்" என்றேன். "போம்மா, நான் எப்ப லவ் பண்ணேன்" என்று போய்விட்டார்.

அம்மா தட்டினால் எழுத மாட்டாள். பேச்சைச் சொன்னவர் எப்படி இருப்பார் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வரைவாள். "மூக்குத்தி எந்தப் பக்கம்? பேசும்போது கண்ணு எங்க போகும்?" வாயை மட்டும் கடைசியாக வரைவாள்.

நான் ஒருநாளும் தட்டியதில்லை. தட்டி வைத்துக்கொண்டு என்ன செய்ய? எழுத வராது, வரைய வராது. கொண்டுவந்து கொட்டினால் அண்ணன் தன் அப்பளத்தை என் தட்டில் போடுவான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பா மேசையில் உட்கார்ந்து யோசிக்கிறவர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளம்பத் தயாராக நிற்கிற ஏதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்காருவார். அது போகிற கடைசி ஊர் வரைக்கும் போவார். அதே பஸ்ஸில் திரும்பி வருவார். நடுவில் எங்கும் இறங்க மாட்டார். ஜனங்கள் பேசுவதைக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பார். கண்டக்டர்கள் அவரைப் பார்த்ததும், "சார், இன்னிக்கு எந்த ஊருக்குப் போவல?" என்று கேட்பார்களாம்.

அப்படித்தான் ஒருநாள், நான் பால் பல்லு விழுந்துகொண்டிருந்த வயதில், அப்பா மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு நேரம்கூட இல்லை. அடுப்படியில் நின்றபடியே சொன்னார். திருப்புட்குழிக்குப் பிரிகிற இடத்தில் நிற்க வேண்டிய பஸ்ஸை டிரைவர் நிறுத்தாமல் ஓட்டிப்போய்விட்டார். இறங்குவதற்குக் கூடையோடு எழுந்து நின்ற ஒரு பெண் கத்தவில்லை, திட்டவில்லை. டிரைவர் பக்கம் பார்த்து ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னார்:

"எறங்குற எடம் எனக்குத் தெரியும்பா. நிறுத்துற எடந்தான் உனக்குத் தெரியல."

சொல்லி முடிக்குமுன் அப்பா கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பைத் தானே தட்டிக்கொண்டார்.

அது கதையாக வந்தது. கதையில் அந்தப் பெண் ஒரு கிழவி. பஸ் தாண்டிப்போய் நின்ற இடத்தில் இறங்கி, வெயிலில் தன் ஊரை நோக்கித் திரும்ப நடக்கிறாள். வழியில் ஒரு புளியமரத்தடியில் கூடையை இறக்கி வைத்து உட்காருகிறாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. படித்தவர்களெல்லாம் அழுதார்கள். சில வருஷம் கழித்து அது பிளஸ் ஒன் தமிழ்ப் பாடத்தில் வந்தது. அப்புறம் படிக்காதவர்களும் அழுதார்கள்.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. கிழவியின் கூற்றால் ஆசிரியர் உணர்த்த விரும்புவது யாது? எனக்கா தெரியாது. பரீட்சைக்கு முந்தின நாள் ஆசிரியரையே கேட்டிருந்தேன். அவர் வாழைத்தண்டுக்கு நார் எடுத்துக்கொண்டே, "அந்தம்மாவுக்கு ஸ்டாப்பிங்ல எறங்கணும்னு உணர்த்த விரும்பறேன். வேறென்ன?" என்றார். அப்படியே எழுதினேன். அஞ்சுக்கு ஒன்று. தமிழ் அம்மா பேப்பரைக் கொடுக்கும்போது சொன்னார்: "இறங்குமிடம்னா மரணம், நிறுத்துமிடம்னா விதி. நோட்ஸ்ல தெளிவா இருக்கு. உங்கப்பா எழுதினதை உங்கப்பாகிட்டப் போய்க் கேக்கலாமா?"

வீட்டில் சொன்னபோது அப்பாதான் ரொம்ப நேரம் சிரித்தார். "பரவாயில்லையே, நான் விதியைப் பத்தியெல்லாம் எழுதியிருக்கேன்" என்றார்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஏனாத்தூரில் காலேஜ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். பெரிய குடும்பத்துப் பெண் ஜெராக்ஸ் கடையா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது ரேஷன் கடையைவிட நல்ல வரிசையாகத் தெரிந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் பசங்கள் பேசுவதைக் கேட்கணுமே. "அக்கா, ரெண்டு பக்கமும் போடுங்கக்கா. ஒரு பக்கமாவது மண்டையில ஏறட்டும்." இதையெல்லாம் அப்பாவுக்குக் கொண்டுபோனால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன வாய்" என்று தட்டுவார்.

ஒருநாள் பி.எட். படிக்கிற பெண் ஒருத்தி தமிழ் நோட்ஸ் கொடுத்தாள். மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. சர்வீஸுக்குச் சொன்னேன். வந்தவன் என் வயதுக்காரன். முட்டி போட்டு உட்கார்ந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே கசங்கிக் கிடந்த தாளை மெதுவாக உருவி எடுத்தான். எடுத்ததைத் தொடையில் வைத்து நீவினான். படித்தான். சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னங்க?" என்றேன்.

"இந்தக் கேள்விக்கு எனக்கு சைபர்ங்க."

எட்டிப் பார்த்தேன். கிழவியின் கூற்றால் ஆசிரியர் உணர்த்த விரும்புவது யாது?

"எனக்கு ஒண்ணு" என்றேன்.

"பரவாயில்லையே. இன்னா எழுதினீங்க?"

"ஸ்டாப்பிங்ல எறங்கணும்னு எழுதினேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கரெக்ட்டுதானே அது? நான், அது கெழவி இல்ல, எங்க அம்மா, சாவவும் இல்ல, இந்த நேரத்துக்குத் திருப்புட்குழியில கத்திரிக்கா பறிச்சுக்கினு இருப்பாங்கன்னு எழுதினேன். வாத்தியார், அம்மாவைக் கூட்டிக்கினு வாடான்னுட்டாரு. கூட்டிக்கினு போனேன்."

"அப்புறம்?"

"ஆளை நேர்ல பார்த்தும் மார்க்கு போடலீங்க."

அந்தக் கதையை எழுதியவர் என் அப்பாதான் என்று அப்போது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டிருக்கிற ஒருவனை நிறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு என் மிஷின் அடிக்கடி ரிப்பேரானது. நானே கையை விட்டுக் கெடுத்தேன் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லுவான். எல்லாத் தடவையும் இல்லை.

இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய், வீட்டில் சொல்லலாம் என்று வந்தபோதுதான் அப்பா யார் என்று சொன்னேன். அவன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்றான்.

ஊரில் அவன் அம்மாவுக்கு அந்தக் கதை எப்படி வேலை வைத்தது என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த பஸ்ஸில் பாதிப் பேர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். கதை பாடத்தில் வந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறினால், "செத்துப்போன அக்கா வராங்க, எடம் குடுங்க" என்பார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வந்து வேலியோரம் நின்று, "ஒருவாட்டி சொல்லுங்க, எறங்குற எடம்" என்பார்களாம். புளியமரத்தடியில் இளைப்பாற உட்கார்ந்தால் யாராவது வந்து தோளைத் தொட்டுப் பார்ப்பார்களாம்.

மகன் விஷயத்தைச் சொன்னதும் களை கொத்திக்கொண்டிருந்த அந்தம்மா களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இது. அவன் அப்படியே வந்து என்னிடம் சொன்னான்:

"உசுரோட இருக்கறவளை சாவடிச்சவரு வூட்டுல நான் கை நனைக்கணுமா? சாவடிச்சதுகூடப் போவட்டும்டா. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. என்னைக் கெழவின்னு எழுதி வெச்சாரே, அதுக்கு இன்னா சொல்ற?"

அவன் அம்மா ஒப்பாமல் அவன் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். நானும் அவனை அப்படிக் கூப்பிட மாட்டேன். எனக்கு அவன் வேண்டும். அதிலும் ஒரு கூத்து, இப்படியொரு பேச்சுப் பேசுகிற அந்தம்மாவும் வேண்டும் போலிருந்தது. இரண்டும் அப்பா எழுதின ஒரு புளியமரத்தடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னேன். மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அப்பா முகம் வெளுத்துவிட்டது. "அந்தம்மா சொல்றது நியாயம்" என்றார். அண்ணன், "நான் வேணா அவங்களைப் பத்தி ஒரு பாட்டு..." என்று ஆரம்பித்தான். "ஒப்பாரி ஒண்ணுதான் பாக்கி, பேசாம சாப்பிடு" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கதையில் கிழவியாக்கியதைப் படத்தில் சரிசெய்துவிடலாம். அவன் போனில் இருந்த போட்டோவைப் பார்த்து, என் மூலம் அவனைக் கேட்டுக் கேட்டு, பதினைந்து நாள் உட்கார்ந்து அந்தம்மாவை வரைந்தாள். எங்கள் அம்மா வரைந்ததிலேயே நல்ல படம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். முகம் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருக்கும். நல்ல தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, காகிதம் சுற்றி அவனிடம் கொடுத்தனுப்பினோம். மூன்று பேருக்கும் பெருமை தாங்கவில்லை. நானும் நல்லதுதான் நடக்கும் என்று நம்பினேன்.

மறுநாள் அவன் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"படம் புடிக்கலையா?"

"படம் நல்லாத்தான் இருக்குதுன்னாங்க."

"அப்புறம்?"

"எங்க ஊர்ல முகத்தை மட்டும் பெருசா படம் பண்ணி, சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு யாருக்கு மாட்டுவாங்க சொல்லு."

அவர்கள் ஊரில் மட்டுமா, எங்கள் தெருவிலும் அப்படித்தான். செத்தவர்களுக்குத்தான் மாட்டுவார்கள். ஒரு வீட்டில் மூன்று பெரிய மூளைகள் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் வீட்டில் முகத்தை மாட்டுவது சாதாரணம். பால்காரரே சுவரில் இருக்கிறார்.

"எதிர்வூட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துட்டு, எப்போ ஆச்சுன்னு கேட்டுட்டாங்க" என்றான். "எங்க அம்மா, கொன்னது பத்தலைன்னு படமும் அனுப்பிட்டாங்க, இனிமே மாலை எப்போ வருதுன்னு கேளுடான்றாங்க. ஞாயித்துக்கிழமை அவங்களே எடுத்துக்கினு வராங்களாம். திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்னாங்க. குடுத்துட்டு வந்தா அதோட சரி."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பா உத்தரவு போட்டார். அந்தம்மா வீட்டில் இருக்கும் வரைக்கும் ஒருவரும் டம்ளர் பக்கம் விரலைக் கொண்டுபோகக்கூடாது. அவர் வாயிலிருந்து என்ன வந்தாலும் சரி, அதை அவரோடேயே அனுப்பிவிட வேண்டும். அண்ணன் சத்தியம் செய்தான். அம்மா தன் பென்சில்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பதினோரு மணி போல வந்தார். நான் நினைத்திருந்ததைவிட உயரம் குறைவு. படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி இடுப்பில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். மகன் பின்னால் வந்தான். அவனைத் தூக்கவிடவில்லை போலிருக்கிறது. படத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் டம்ளரைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கொஞ்சம் நெற்றியைச் சுருக்கினார்.

"நீங்களா அது? கடைசி சீட்டு?"

"ஆமாம்மா" என்றார் அப்பா.

"என்கூடவே எறங்கி, ரோட்டைத் தாண்டி ஓடுனீங்களே?"

"ஆமா."

"வயித்துக்கு முடியலைபோலன்னு நெனச்சேன்."

அண்ணன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பா அசைந்துகொடுக்காமல், "இல்லம்மா, நீங்க சொன்னது மறக்கறதுக்குள்ள வீட்டுக்கு வரணும்னு ஓடினேன். எதிர்ல ஷேர் ஆட்டோ வந்துது" என்றார்.

கடைசி ஊர் வரைக்கும் இறங்காத மனிதர் அன்றைக்கு ஒருநாள் பாதி வழியில் இறங்கியிருக்கிறார் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

"அதான் பார்த்தேன்" என்றார் அந்தம்மா. "இருந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் எங்க நடந்தேன்? எந்தப் புளியமரம்? அந்த வெயில்ல யாருனா நடப்பாங்களா? எனக்கு இன்னா கிறுக்கா?"

"அப்போ எப்படிப் போனீங்க?" அப்பா கேட்டார். கதை எழுதுகிறவர் கேட்கிற கேள்வியில்லை அது. இத்தனை வருஷம் கழித்து ஒரு மனிதன் ஒரு பெண் பத்திரமாக வீட்டுக்குப் போனாளா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

அந்தம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

"அங்கயே நின்னேன். அந்த பஸ்ஸு கடைசி ஊருக்குப் போயி திரும்பி வரணும் இல்ல? அதே பஸ்ஸு, அதே ஆளு. வந்தான். கையைக் காட்டினேன். ஏறினேன். டிரைவருக்கு என்னைப் பார்த்ததும் திக்குனு ஆயிடுச்சு. கண்டக்டரு டிக்கெட்டு பையோட வந்து, எங்க போவணும்மான்னு கேட்டான்." அந்தம்மா ஒருமுறை எங்கள் எல்லோரையும் பார்த்தார். "நீ தாண்டிப்போன எடத்துக்குன்னேன்."

டக்.

டக். டக். டக்.

நாலு டம்ளரும் சத்தம் போட்டுவிட்டன. அப்பா தன் விரலையே பயத்தோடு பார்த்தார். அண்ணன் சத்தியம் செய்த கையை மடியில் ஒளித்துக்கொண்டான். அம்மாவின் காபி தளும்பிப் புடவையில் விழுந்தது.

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். "இன்னா இது? நான் பேசுறேன், தாளம் போடறீங்க?"

போச்சு என்று நினைத்தேன். அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

நான்தான் சொன்னேன். வேறு யாராலும் முடியவில்லை. எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். நல்ல பேச்சைக் கேட்டால் தட்டுவார்கள், முதலில் தட்டியவருக்கு அது சொந்தம், மற்றவர்கள் தொடக்கூடாது, கேலி செய்யவில்லை, கைதான் சொன்னபடி கேட்கவில்லை, இவ்வளவு நல்ல பேச்சு இந்த வீட்டுக்குள் வந்ததேயில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அழுதுவிடுவேனோ என்று நிறுத்தினேன்.

அந்தம்மா நின்றபடியே யோசித்தார்.

"அப்போ நான் அன்னிக்கு பஸ்ஸுல சொன்னது?"

"நான் தட்டிட்டேம்மா" என்றார் அப்பா, தலை குனிந்து.

"இது?"

"நான்தான் முதல்ல" என்றார் அப்பா. பழக்கம் விடவில்லை. "இல்லப்பா, என்னுது" என்றான் அண்ணன். "ரெண்டு பேரும் பொய்" என்றாள் அம்மா, புடவையைத் துடைத்துக்கொண்டே. மூன்று பேரும் வந்தவரை மறந்துவிட்டு அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எத்தனை பேர் மாலை போட்ட கழுத்துகள் அவை. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருங்க" என்றார் அந்தம்மா. எல்லோரும் அடங்கினார்கள். "மொதல்ல தட்டினது இந்தப் பொண்ணு."

"இவ தட்டவே மாட்டாளே" என்றான் அண்ணன்.

"நான் வந்ததுலருந்து அவளைத்தாம்பா பார்த்துக்கினு இருக்கேன். உங்களை எதுக்குப் பார்க்கப்போறேன்? அவ வெரலு தட்டினதுக்கு அப்புறந்தான் உங்களுக்கெல்லாம் வெரலு இருக்கறதே ஞாபகம் வந்துது."

என் விரலைப் பார்த்தேன். நகத்தில் காபி இருந்தது. பிறந்ததிலிருந்து நான் தட்டிய முதல் தட்டு அது. எனக்கே தெரியாமல் தட்டியிருக்கிறேன். இத்தனை வருஷம் எவ்வளவோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்; எதையும் வைத்துக்கொள்ளத் தோன்றியதில்லை. இதை விட மனசில்லை.

அப்பா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலை இறக்கிக் கெஞ்சினார். "நீதான் எழுதமாட்டியேம்மா. அந்தக் கதைக்கு இதுதான் முடிவு. அன்னிக்கு இது தெரியாமப் போச்சு. அப்பாவுக்குக் குடுத்துடேன்."

"குடுக்காத" என்றார் அந்தம்மா. என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. "இவர்கிட்ட குடுத்தா திரும்பவும் மரத்தடியில உக்கார வெச்சிடுவாரு."

பிறகு மகன் பக்கம் திரும்பி, ஏதோ சந்தையில் விலை முடித்த மாதிரி சொன்னார்: "என் பேச்சு இவகிட்ட இருக்குதுடா. அதை இங்க வுட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது? இவளோட சேர்த்துத்தான் கூட்டிக்கினு போவணும்."

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார். "ஆறிப்போச்சு. வேற போடும்மா."

நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். கூடத்தில் அந்தம்மா அம்மாவிடம் பேசுவது கேட்டது. "படம் சும்மா சொல்லக்கூடாது, நல்லா இருக்குது. காதோரம் ரெண்டு வெள்ளை முடி போட்டிருக்கீங்க பாருங்க, அதை எடுத்துடுங்க." அம்மா பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் கல்யாணத்தில் அண்ணன் பாட்டைப் போடவில்லை. அவனுக்கு இன்னும் அந்தக் குறை உண்டு.

அந்தப் படம் இப்போது திருப்புட்குழியில் எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டார்கள். படத்துக்கு மேலே அடித்த ஆணியில் அத்தை தன் வயர் கூடையை மாட்டி வைத்திருக்கிறார். மாலை மாட்ட இடம் விட்டால்தானே என்பார். அந்த டிரைவர் ரிட்டையர் ஆகும் வரைக்கும் எங்கள் பிரிவில் பஸ்ஸை நிறுத்தாமல் போனதில்லையாம். யாரும் இறங்காத நாளிலும் நிறுத்துவாராம். ஏன் நிறுத்தினே என்று கேட்டால், "எதுக்கு வம்பு" என்பாராம். இப்போது அது நிஜமான ஸ்டாப்பிங். கொட்டகை போட்டுவிட்டார்கள்.

அப்பா இன்னும் டவுன் பஸ்ஸில் போகிறார். எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏறினால் மட்டும் நடுவில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். அத்தையும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும். அத்தை இப்போது நன்றாகத் தட்டக் கற்றுக்கொண்டார். போன மாசம் அப்பா மோரை ஊற்றிக்கொண்டே, வயசாகிவிட்டது, படிக்கிற கண்ணாடியைத் தேடுவதற்கே ஒரு கண்ணாடி வேண்டியிருக்கிறது என்றார். அத்தை டக்கென்று தட்டிவிட்டார். "இனிமே இதை நீங்க எழுதக்கூடாது" என்றார். அப்பா, "நான் சொன்னதும்மா அது" என்றார். "நான் சொன்னதை நீங்க எடுத்துக்கல?" என்றார் அத்தை.

தீபாவளிக்குத் தீபாவளி அப்பா என்னிடம் அந்தப் பேச்சைக் கேட்பார். நான் கொடுத்ததில்லை. வைத்துக்கொண்டு என்னதான் செய்யப்போகிறாய் என்பார். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில், மிஷின் பக்கத்தில் வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் பார்த்தேன். அதுதான் இது.

நேற்று அத்தையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கடைசியில நான் உசுரோட இருக்கேனா?" என்று கேட்டார்.

"இருக்கீங்க அத்தை. கீரை ஆஞ்சிக்கினு இருக்கீங்க."

"வயசு?"

"பஸ்ஸுல ஏறும்போது இருபத்தாறு. போட்டுட்டேன்."

முறத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப படி, கேக்கலாம்."